பழைய பைக்குக்குப் புது வயரிங்: ஜாயிண்ட்டையும் எர்த்தையும் கவனியுங்கள்

பழைய பைக்கில் லைட் மங்கினாலோ ஹாரன் தொண்டை கட்டியதுபோல் ஒலித்தாலோ எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்தவரை பழுது பெரும்பாலும் ஜாயிண்ட்டில்தான், அதிலும் எர்த் ஜாயிண்ட்டில், அதாவது கரண்ட் ஃப்ரேம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில். முழு வயரிங்கையும் மாற்ற உட்காருகிறவர் இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே மெனக்கெட வேண்டும் என்பது தானாகப் பிடிபடும். 1950, 60களில் லூகாஸ் கம்பெனி மின்சாமான்களோடு வந்த பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப், நார்ட்டன் போன்ற வண்டிகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பழைய ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, வெட்டி எறிந்துவிடாதீர்கள். முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தைக் கழற்றுங்கள், பிறகு மறுபக்கம். ஒவ்வொரு முனையிலும் டேப் துண்டு சுற்றி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதியபின்தான் கழற்ற வேண்டும். போட்டோவை மட்டும் நம்பக் கூடாது. வெளியே தெரியும் வயர்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிருக்கும். டேங்குக்கு அடியில் ஓடும் பகுதியில் டேப்பைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், அசல் நிறம் அங்கே அப்படியே இருக்கும். அதே இடத்தில் ஒரு அங்குலம் இன்சுலேஷனையும் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்திருந்தால், பச்சைப் பொடி பூத்திருந்தால், அது உள்ளே இன்னும் நெடுந்தூரம் போயிருக்கும். அந்த வயரில் ஒரு துண்டைக்கூட மறுபடி பயன்படுத்தாதீர்கள். பழையதை ஒரு பலகையில் விரித்து ஆணியடித்து, அதன் மேலேயே புதியதை அளந்து கட்டுவதுதான் என் வழக்கம். கிளை பிரியும் இடங்கள் பிசகாமல் அமையும்.

அடுத்தது பாசிட்டிவ் எர்த். இந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃப்ரேமோடு சேரும், சிவப்பு வயர் எர்த். இன்றைய வண்டிகளில் கை பழகியவர் சிவப்பைக் கண்டதும் லைவ் என்று நினைத்து மாற்றிக் கொடுத்தால், ஏசி கரண்ட்டை டிசியாக்கும் ரெக்டிஃபையர் கருகிவிடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். எலக்ட்ரானிக் சாமான் எதையாவது பொருத்தியே ஆக வேண்டும் என்றால் ஒழிய, அசலை அப்படியே விடுவதுதான் நல்லது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ உள்ள வண்டியை மாற்றினால் அதன் காந்தத் திசையையும் மாற்ற வேண்டிவரும். இன்னொன்று: எல்இடி பல்ப் வாங்கும்போது பாசிட்டிவ் எர்த்தில் எரியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

வயரின் தடிமனில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 30 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 5 ஆம்பியர். அந்த 6 வோல்ட் வண்டியில் வழியிலேயே அரை வோல்ட் தொலைந்தால், இழை பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அதனால் பேட்டரி, அம்மீட்டர், சுவிட்ச், ஹெட்லைட், எர்த் எல்லாவற்றுக்கும் 2 சதுர மி.மீ. வயர், அதாவது 0.30 மி.மீ. இழை 28 உள்ளது. டெயில் லைட், பைலட் லைட்டுக்கு 14 இழை போதும். வீட்டு வயரிங்குக்கு வரும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டவே வேண்டாம், அதிர்வில் ஒடிந்துவிடும்.

இனி எர்த். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் கரண்ட் திரும்பிவர ஸ்டீயரிங் பேரிங்கைத் தவிர வழியே கிடையாது. கிரீஸும் துருவும் கலந்த குண்டுகள் வழியாக 5 ஆம்பியர் போக வேண்டும்! ஹெட்லைட் கூட்டிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி வயர் ஒன்று இழுங்கள். இன்ஜினிலிருந்தும் ஒன்று. ஃப்ரேமில் சேரும் இடத்தில் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் தடவுங்கள். புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்த ஃப்ரேமில் இது இன்னும் முக்கியம், அந்தப் பூச்சு நல்ல இன்சுலேட்டர்.

டெர்மினல்களைக் கிரிம்ப் செய்வதையே, அதாவது இடுக்கியால் நசுக்கிப் பொருத்துவதையே, நான் விரும்புகிறேன். சால்டர் வயருக்குள் ஊறிப்போய் அதை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு அதை ஒடிக்கும். சுருங்கும் ஸ்லீவை முதலில் வயரில் கோத்துவிட்டு, டெர்மினலின் முன் காதுகளைச் செம்பின் மீதும் பின் காதுகளை இன்சுலேஷன் மீதும் மடியுங்கள். பிறகு தயங்காமல் இழுத்துப் பாருங்கள். ஜாயிண்ட் எல்லாம் ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் மட்டும் இருக்கட்டும். டேங்குக்கு அடியில் ஒன்றுகூடக் கூடாது. நடுவழியில் நின்றால் டார்ச் வெளிச்சத்தில் எட்டுகிற இடம் அந்த இரண்டுதான்.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, லைவ் வயரில், அதாவது நெகட்டிவ் பக்கம். பழைய கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். ஆகவே புது பிளேடு ஃப்யூஸ் போடுகிறவர்கள் 35 தேடிப் போகாதீர்கள், 15 ஆம்பியர் சரியாக இருக்கும்.

பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் தரும் மேக்னெட்டோ உள்ள வண்டியில் இன்ஜினை அணைக்கும் வயர் எர்த்தைத் தொடுவதற்கு மட்டுமே. பேட்டரி லைவ் அதன் பக்கமே போகக் கூடாது.

டேப் சுற்றும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எந்த வயரும் இழுபடக் கூடாது. சுற்றுவதற்குப் பசையில்லாத ஹார்னஸ் டேப்தான். பசை டேப் வெயிலில் உருகி, அடுத்த முறை பிரிக்கிறவரின் கையை நாசமாக்கும்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது ஃப்யூஸுக்குப் பதிலாக அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு 21 வாட் பல்ப். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் லைவ் எங்கோ ஃப்ரேமைத் தொடுகிறது. வயரிங் கருகாது, நிதானமாகத் தேடலாம். சுத்தமென்று தெரிந்தபின் ஃப்யூஸைப் போட்டு ஹெட்லைட்டை எரியவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை ஹெட்லைட் கூட்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் அருமை. லைவ் பக்கமும் அதேபோல் பேட்டரியிலிருந்து பல்ப் முனைக்கு அளந்து பாருங்கள், 0.3க்குமேல் போனால் சுவிட்சைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள 12 வோல்ட் வண்டி நடுத்தர வேகத்தில் 14 முதல் 14.5 வரை சார்ஜ் ஏற்ற வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டபடி ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு வந்ததும் ஹெட்லைட் கூட்டைத் திறந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதை வெட்டிவிட்டுப் புது டெர்மினல் போடுங்கள்.