ஃபேனை மாற்றப் பணம் எங்கே இருக்கிறது?

நான் வயர்மேன். என் மகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். 'ஸ்கூல், ஹெல்த் சென்டர் கரண்ட் பில்லைக் குறைக்க கவர்மென்ட் பணம் தருமா?' என்று கேட்டால், தரும். என்ன, அந்தப் பெயரில் தராது. வேறு பெயரில் இருக்கும் நிதியில் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் ஒரு நோட்டோடு வகுப்பு வகுப்பாகப் போங்கள். எத்தனை ஃபேன், எத்தனை டியூப்லைட், தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேனுக்கு 30 போதும். 40 ஃபேன், நாளுக்கு 7 மணி நேரம் என்றால் 200 வேலை நாளில் சுமார் 2,500 யூனிட் மிச்சம். 'ஃபேன் வேண்டும்' என்ற மனு ஃபைலுக்குள் தூங்கும். இந்தக் கணக்கோடு போனால் படித்துப் பார்ப்பார்கள்.

பள்ளியில் பகலில் லைட் அதிகம் எரியாது, அதனால் ஃபேன்தான் முதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலைகீழ்: வராண்டாவிலும் பிரசவ வார்டிலும் ராத்திரி முழுக்க எரியும் சோக் வைத்த டியூப்லைட்டை முதலில் எல்இடி ஆக்குங்கள். தடுப்பூசி ஃபிரிட்ஜ் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள்.

பள்ளிக்குக் கைக்கு எட்டுவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கை 100 வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம் என்பது உச்சவரம்பு (30க்கும் குறைவென்றால் இன்னும் சொற்பம்). சாக்பீஸிலிருந்து கழிப்பறை சுத்தம் வரை எல்லாம் இதில்தான். ஆகவே வருடத்துக்குப் பத்து ஃபேன் என்று திட்டமிடுங்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கொட்டேஷன் வாங்கிய பிறகே கடைக்குப் போக வேண்டும்.

சுகாதார நிலையத்துக்குத் தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் 'அன்டைட் ஃபண்ட்' (இந்தச் செலவுக்குத்தான் என்று கட்டிப்போடாத நிதி) உண்டு, வருடத்துக்கு 1.75 லட்சம் வரை. அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்துக்கு முன்பே மருத்துவ அலுவலரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

சோலார் மாதிரி பெரிய செலவுக்கு எம்எல்ஏ, எம்பி தொகுதி மேம்பாட்டு நிதிதான் வழி. எம்பிக்கு வருடம் 5 கோடி. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்து வேலையை நடத்தும். பணம் நம் கைக்கு வராது. அப்புறம் ஒன்று: டிவியில் சொல்லும் 78,000 ரூபாய் சோலார் மானியம், பிரதமரின் சூர்ய கர் திட்டம், வீடுகளுக்கு மட்டும். பள்ளிக்கு அதில் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது, அதைக் கழற்றி நேராக ஸ்விட்சில் கொடுங்கள். ரிமோட் இல்லாமலே வேகம் மாற்ற முடிகிற மாடலாகக் கேளுங்கள். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ரிமோட் ஒரு வாரம் தங்கினாலே அதிசயம்.

கழற்றிய பழைய ஃபேன்களை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். இருப்புப் பதிவேட்டில் எழுதி, முறைப்படி கழிவு செய்யும்வரை பூட்டி வையுங்கள். ஆடிட்டில் ஒரு ஃபேன் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர்.