பள்ளி மாணவர்களுக்குக் கவிதைப் போட்டி: மதிப்பெண் வேண்டாம், தரவரிசை போடுங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காக மூன்று ஆண்டுகளாகக் கவிதைப் போட்டி நடத்தி வருகிறேன். முதல் ஆண்டு முடிவை அறிவித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுவர்கள் மூவரில் இருவர் முதலிடம் தர நினைத்த கவிதை இரண்டாம் பரிசோடு நின்றுவிட்டது. நான் போட்ட கணக்குதான் காரணம். அதைச் சரிசெய்த விதத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இடம், மைக், சான்றிதழ் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. நாள்

டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாள்; அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். ஏப்ரல் 29, பாரதிதாசன் பிறந்தநாள். ஆண்டுத் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடும். ஜூலை அல்லது ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை போதும். ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

வீட்டில் எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். அப்பாவின் திருத்தமும், ஆசிரியரின் உவமையும், கைபேசியில் கேட்டு வாங்கிய வரிகளும் கலந்து வரும். நேரில் வந்து உட்கார்ந்து எழுதட்டும்.

2. தலைப்பு

‘தாய்’, ‘தமிழ்’, ‘மரம் வளர்ப்போம்’ என்று கொடுத்தால் மேடையில் கேட்ட வரிகளே திரும்பி வரும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருளைக் கொடுங்கள். ‘எங்கள் தெருக்குழாய்’ என்று கொடுத்தபோது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதினாள்:

குழாய் இருமுகிறது
வரிசையில் நிற்கும் குடங்கள்
திரும்பிப் பார்க்கின்றன

தண்ணீர் வருவதற்கு முன் காற்று வெளியேறும் அந்தச் சத்தத்தைக் காத்து நின்று கேட்டவளால்தான் இப்படி எழுத முடியும்.

3. தாள்

கோடு போட்ட தாள் வேண்டவே வேண்டாம். கோட்டைக் கண்டதும் பிள்ளைகள் கட்டுரை போல ஓரம் வரை நிரப்பிவிடுகிறார்கள். வெள்ளை ஏ4 தாளில் வரியை எங்கே மடக்குவது என்று யோசிக்கிறார்கள்.

தாளின் மேல் பகுதியில் பெயர், வகுப்பு, பள்ளி. அதற்குக் கீழே கவிதை. இரண்டு பகுதிகளிலும் ஒரே எண்ணை எழுதி, மேல் பகுதியை வெட்டி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவரின் அடையாளத்தை மறைக்க முன்பு டம்மி எண் போட்டது போலத்தான். நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு: பலர் கவிதையின் அடியிலும் தங்கள் பெயரை எழுதிவிடுகிறார்கள். செராக்ஸ் எடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் அடிவரை பாருங்கள்.

4. மதிப்பீடு

இங்கேதான் நான் இடறினேன். நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லி மூவருடையதையும் கூட்டினேன். முதல் நடுவர் 40 முதல் 95 வரை தாராளமாக ஏறி இறங்கினார். மற்ற இருவரும் 65-க்குக் கீழேயும் 80-க்கு மேலேயும் போகவில்லை.

‘அ’ என்ற கவிதைக்கு 95, 70, 71, மொத்தம் 236. ‘ஆ’ என்ற கவிதைக்கு 60, 78, 77, மொத்தம் 215. ‘ஆ’தான் சிறந்தது என்று இருவர் சொல்லியும் ‘அ’ வென்றது. பரந்து மதிப்பெண் போடுகிறவர் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுகிறார்.

இப்போது மதிப்பெண்ணே கேட்பதில்லை. ஒவ்வொரு நடுவரும் தமக்குப் பிடித்த பத்துக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கிறார். மூன்று பட்டியல்களையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி, அதிலுள்ள எல்லாவற்றுக்கும் 1, 2, 3 என்று மூவரும் வரிசை போடுகிறார்கள். வரிசை எண்களின் கூட்டுத்தொகை எதற்குக் குறைவோ அதற்கு முதல் பரிசு. பழைய தாள்களை எடுத்து இதே முறையில் பார்த்தேன். ‘அ’வுக்கு 1, 3, 2, மொத்தம் 6. ‘ஆ’வுக்கு 3, 1, 1, மொத்தம் 5. ‘ஆ’வை எழுதிய மாணவனின் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டுத்தொகை சமமானால் மூவரும் சேர்ந்து அந்த இரண்டு கவிதைகளையும் உரக்கப் படித்து முடிவு செய்யட்டும். வகுப்பு 6–8, 9–10, 11–12 என்று பிரித்துத் தனித்தனியாக வரிசை போடுங்கள்.

பின்சேர்க்கை 1: வெண்பா எழுதிய மாணவிக்கு என்ன செய்வது என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். நடுவர்களில் ஒருவராவது யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், அறிந்தவராக இருக்க வேண்டும். ஈற்றடி முச்சீராய் வந்து நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிந்திருக்கிறதா, தளை (அடுத்தடுத்த சீர்களின் இணைப்பு) தட்டுகிறதா என்று அவர் மற்ற இருவருக்கும் விளக்கட்டும். ஆனால் இலக்கணம் சரியாக இருப்பதற்காக மட்டும் மேலே ஏற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 2: உள்ளூர்த் தமிழாசிரியர்கள் கையெழுத்தைப் பார்த்தே தங்கள் மாணவரை அடையாளம் கண்டுவிடுகிறார்கள் என்று இருவர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். பக்கத்து ஊரிலிருந்து நடுவர்களை அழையுங்கள். பஸ் கட்டணத்தைப் போட்டிச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்து கொடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: செய்யலாம், ஆனால் தட்டச்சு செய்பவர் பிழை திருத்தக் கூடாது, வரிகளைச் சேர்க்கவும் கூடாது. ஒருமுறை குழாய்க் கவிதையின் மூன்று வரிகள் ஒரே வரியாகி என் கைக்கு வந்தன. அசல் தாளை அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிட்ட பிறகே நடுவர்களிடம் கொடுங்கள்.