சிஎம்இ சர்டிபிகேட்டை இப்பவே எடுத்து வைங்க டாக்டர்ஸ்

சிஎம்இன்னா டாக்டர்கள் தங்களை அப்டேட் பண்ணிக்கப் போற தொடர் மருத்துவக் கல்வி மீட்டிங், ஆனா நம்ம ஊர்ல ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கற கடைசி மாசம் வரைக்கும் அந்த சர்டிபிகேட்டை யாரும் கண்டுக்கறதே இல்ல. 2002 எம்சிஐ (அப்போ இருந்த இந்திய மெடிக்கல் கவுன்சில்) விதிப்படி 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் சிஎம்இ, அதாவது வருஷத்துக்கு வெறும் 6 மணி நேரம்தான், ரெண்டு ஞாயித்துக்கிழமை போனா முடிஞ்சுது. 2023ல என்எம்சி (எம்சிஐக்கு பதிலா வந்த தேசிய மருத்துவ ஆணையம்) புது விதி கொண்டு வந்து அதே மாசமே நிறுத்தி வச்சிட்டாங்க, அதனால பழைய கணக்குதான் ஓடுது.

பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த மீட்டிங்குக்கு ஸ்டேட் மெடிக்கல் கவுன்சில் கிரெடிட் பாயிண்ட் (அது இருந்தாதான் இந்த மணி நேரக் கணக்குல சேரும்) குடுத்திருக்கான்னு கேட்டுடுங்க, பிரோஷர்ல பெரிய பெரிய ஸ்பீக்கர் பேரெல்லாம் இருக்கும் ஆனா கிரெடிட் ஒண்ணும் இருக்காது, நான் ஒரு தடவை அப்படி ரெண்டு நாள் உக்காந்து கேட்டு பிரியாணி மட்டும்தான் மிச்சம். சர்டிபிகேட் கையில வந்ததும் அங்கயே நின்னு பேரு, இனிஷியல், ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் சரியா இருக்கான்னு பாருங்க, இனிஷியல் முன்ன பின்ன மாறினா அப்புறம் ஆர்கனைசரை தேடி அலையணும் (அவரு அதுக்குள்ள போன் எடுக்கறதையே நிறுத்திருப்பாரு). அப்படியே மொபைல்ல ஸ்கேன் பண்ணி உங்களுக்கே மெயில் போட்டுடுங்க, சப்ஜெக்ட்ல தேதியும் எத்தனை மணி நேரம்னும். வேற ஸ்டேட்டுக்கு மாறப்போறவங்க அந்த கவுன்சில் ரூல்ஸையும் முன்னாடியே பாத்துக்கோங்க.