கொடைக்கானல் கிளம்புமுன்: குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல் என்றால் கொல்லைப்புறம் மாதிரி. வத்தலக்குண்டு வழியாகப் போனால் 120 கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினையே. சிம்லா போவதற்கு மூன்று மாதம் முன்னாடியே பட்டியல் போடுகிற குடும்பம், கொடைக்கானலுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது முடிவெடுத்து, சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துவிடும். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் போனோம்: நான், மனைவி, அம்மா, பத்து வயது மகள், ஐந்து வயது மகன். அதற்கப்புறம் நான்கைந்து முறை போய் வந்தாயிற்று. இப்போது யோசித்தால், மேலே போய்ச் சொதப்பியது குறைவுதான். முக்கால்வாசித் தவறை முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே செய்து முடித்திருந்தோம்.

முதலில் கிளம்பும் நேரம். "குளிச்சு, சாமி கும்பிட்டு, டிபனை முடிச்சிட்டே போயிடலாம்ப்பா" என்றார் அம்மா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குக் காட்ரோட்டைத் தாண்டி மலையேறினால், மதுரை, திண்டுக்கல், தேனி என்று எல்லாப் பக்கத்து வண்டியும் நமக்கு முன்னால் நிற்கிறது. வெள்ளி அருவியிலிருந்து ஊர் எட்டே கிலோமீட்டர். அந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தோம், பின் சீட்டிலிருந்து "அப்பா, பாத்ரூம்" என்ற குரலோடு. இப்போதெல்லாம் நாலரைக்கு வண்டி கிளம்பிவிடும். பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடேயே தூக்கி உட்கார வைத்துவிடுகிறோம். வத்தலக்குண்டில் காபி, ஆறரைக்கு அடிவாரம். டம் டம் பாறையில் நிறுத்தினால் எதிரே தலையாறு அருவி, அதாவது எலிவால் அருவி, வெயில் ஏறுமுன் தெளிவாகத் தெரியும். 975 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், அங்கிருந்து பார்க்க ஒரு முழ நூல் மாதிரி இருக்கும்.

இ-பாஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு அது வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்ச வரம்பும் வந்தது. பாஸுக்குக் காசு கிடையாது, வீட்டிலிருந்தே மொபைலில் எடுத்துவிடலாம். நம்ம ஆட்கள் செய்யும் தவறு என்னவென்றால், ஒரு காரின் நம்பரைக் கொடுத்து பாஸ் எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மச்சானின் பெரிய காரில் கிளம்புவது. பாஸ் அந்த நம்பருக்குத்தான்.

அடுத்தது வாந்தி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பப் பயணத்தின் பாதி மகிழ்ச்சி இதில்தான் போகிறது. அன்றைக்கு வெண்பொங்கலும் வடையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறியிருந்தோம். அழாமல் வரட்டும் என்று மகன் கையில் மொபைலைக் கொடுத்திருந்தேன். நான்காவது வளைவோ ஐந்தாவது வளைவோ, சத்தமே இல்லாமல் மொபைலை மடியில் வைத்தான். முகம் வெளிறியிருந்தது. "ஏங்க, நிறுத்துங்க" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் சீட்டு, அவள் சேலை, அம்மாவின் வெற்றிலைப் பை எல்லாம் நனைந்துவிட்டன. விஷயம் எளிது. வளைவில் உடம்பு ஆடுகிறது என்று காதின் உள்பகுதி சொல்கிறது, திரையைப் பார்க்கும் கண்ணோ எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டுகிறது. மலைப்பாதையில் மொபைல், புத்தகம் இரண்டும் கூடாது. பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதி சரியாகிவிடும். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போடுவது இன்னொரு தவறு. அது வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது வேண்டும், ஆகவே வத்தலக்குண்டுக் காபி நேரம்தான் சரி. பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அளவை டாக்டரிடம் கேட்டு, பிள்ளைக்கென்று தனியாக வாங்கி வையுங்கள்.

ஓட்டுகிறவர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் சரி: ஏறின கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய சரிவில் நான்காவது கியர் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். ரப்பர் கருகும் வாடை வந்தால் பக்கத்து வண்டியைச் சந்தேகப்படாதீர்கள், முதலில் உங்கள் வண்டியை ஓரங்கட்டி ஆற விடுங்கள். "இறக்கம்தானே, நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்" என்பது இன்னொன்று. என் பெரியப்பா மகன் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். இப்போதுள்ள வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டாலே பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். எஞ்சினையே அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும், கல்லை மிதிக்கிற மாதிரி ஆகிவிடும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான். மூடுபனியில் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிப் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? லைட்டைத் தாழ்த்திப் போட்டு, மெதுவாக வந்தாலே போதும்.

மேலே போன பிறகு செய்யும் பெரிய தவறு, பட்டியல். ஒரே நாளில் பன்னிரண்டு இடம் காட்டுவதாக வண்டிக்காரர் அட்டையை நீட்டுவார். நானே அப்படியொரு அட்டை தயாரித்து வைத்திருந்தேன், நேரத்தோடு. தூண் பாறைக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போனோம். பாறையைக் காணோம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைவேட்டி விரித்த மாதிரி பனி. அரை மணி நேரம் நின்று வேர்க்கடலை தின்றுவிட்டு வந்தோம். பள்ளத்தாக்கு பார்க்கும் இடங்களை, கோக்கர்ஸ் வாக் உட்பட, காலையிலேயே முடித்துவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பிரையண்ட் பூங்கா, ஏரி. அந்த ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. எங்கள் வீட்டில் கடைசியில் எல்லோருக்கும் பிடித்ததும் அந்த ஏரிக்கரைதான். படி ஏற வேண்டாம், அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள். இப்போது எங்கள் கணக்கு காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். கூட வருகிறவர்களில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரை வைத்துத்தான் நாளைத் திட்டமிடுகிறோம்.

"மே மாதம்தானே, ஸ்வெட்டர் எதற்கு" என்ற வசனத்தை ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். ஊர் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நாம் மதுரையில் மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருக்கும் அதே இரவில், அங்கே 13 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. மாலையில் வெளியே கறி சுட்ட அடுப்பில் கங்கு மிச்சமிருக்கும், "அணைப்பானேன், உள்ளே வைத்தால் கதகதப்பாக இருக்கும்" என்று தோன்றும். மூடிய அறையில் அந்தக் கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசமில்லை, இருமல்கூட வராது. தூங்குகிறவர் அப்படியே எழாமல் போய்விடுவார். கொடைக்கானலிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

சமையல் வசதியுள்ள குடில் எடுத்து, செலவைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குக்கரை எடுத்துப் போங்கள். நாங்கள் பாத்திரத்தில் உலை வைத்தோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி மட்டும் வேகவில்லை. "ஏன்டா, முக்கால் மணி நேரமாச்சு, இன்னும் நடுவுல கல்லா இருக்கே" என்று அம்மா ஒரு பருக்கையை நசுக்கிக் காட்டினார். கேஸ் குறைவாக எரிகிறது என்று அடுப்பைத் திட்டினோம். பாவம், அடுப்பின் மேல் தப்பில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 100 டிகிரிக்கு வருமுன் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். அதற்கு மேல் தீயைக் கூட்டினாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. குக்கரிலும் வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விட்டால்தான் பருப்பு மசியும்.

சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் அனுமதியில்லை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் கேனில் எடுத்துப் போங்கள். குரங்குக்குச் சிப்ஸ் நீட்டிப் படம் எடுக்காதீர்கள். அடுத்த குடும்பத்தின் பையைப் பிடுங்க நாம்தான் அதற்குப் பாடம் நடத்துகிறோம்.

திரும்பும்போது கொஞ்சம் சுற்றிப் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில் ஒரு குளியல் போடுவது பலரின் வழக்கம், எங்களுக்கும்தான். கீழே வெயில் கொளுத்துகிறது, வானத்தில் ஒரு மேகமில்லை, அப்புறம் ஏன் வனத்துறைக்காரர் தடுக்கிறார் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் கொடைக்கானல், வட்டக்கானல் பக்கத்து மலையிலிருந்து வருவது. மேலே மழை பெய்தால் இங்கே வெயிலிலேயே வெள்ளம் வரும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ சோப்பைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும்.

கடைசியாக, விட்டுவிட்டு வருகிற வீடு. கேஸ் ரெகுலேட்டர், மோட்டார் சுவிட்ச் இரண்டையும் ஒருவர் மட்டும் பார்ப்பது என்று பொறுப்பு கொடுங்கள். எல்லோரும் பார்ப்பது என்றால் யாரும் பார்ப்பதில்லை. பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள், வாசலில் மூன்று நாள் பேப்பர் கிடந்தால் அது திருடனுக்கு எழுதிய கடிதம். ஏரியில் படகில் உட்கார்ந்தபடியே ஸ்டேட்டஸ் போடுவதும் அதே கடிதம்தான். படத்தை வீடு திரும்பிப் போட்டால் லைக் குறையப் போவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வையுங்கள். பகுதிக் காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று தகவல் கொடுத்தால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். மொட்டைமாடித் தொட்டிச் செடிகளை நிழலுக்கு நகர்த்தி, மண்ணின் மேல் தேங்காய் நாரை நனைத்துப் பரப்பிவிட்டால் மூன்று நாள் தாங்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டுத்தான் போன வருஷம் போனோம். வீடு பத்திரமாக இருந்தது, செடிகள் பச்சையாக இருந்தன. காரின் முன்பக்கம் வைத்த ஹோம்மேட் சாக்லேட் மட்டும் வத்தலக்குண்டு வெயிலில் பாயசமாகியிருந்தது. கதவைத் திறந்ததும் ஏதோ ஒரு வாடை. எலி செத்துவிட்டதோ என்று சோபாவையெல்லாம் நகர்த்தித் தேடினோம். மகள்தான் கண்டுபிடித்தாள்: கிளம்புகிற அன்று விடிகாலையில் வாஷிங் மெஷினில் போட்ட துணி, துவைத்து முடித்து, காயப்போடாமல் மூன்று நாளாக உள்ளேயே கிடந்தது.