வன்னி வீதிக்கு மின்சார மோட்டார் சைக்கிள் எடுக்க முன்னம்

எவ்வளவு பெரிய பற்றறி வேண்டும் என்று தெரிய, முதலில் ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கோ. இரண்டு கிழமைக்கு, காலையில் வெளிக்கிடும்போதும் இரவு நிறுத்தும்போதும் உங்கட பழைய மோட்டார் சைக்கிளின் மீற்றரில் என்ன நிற்கிறது என்று எழுதுங்கோ. பின்னால் ஆள் இருந்ததா, நெல்மூட்டை ஏற்றினீர்களா, கிரவல் வீதியில் எவ்வளவு தூரம், தண்ணிக்குள்ளால் போனீர்களா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கோ. என்னிடம் வாற கனபேர் "ஒரு நாளைக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடுவன் அண்ணை" என்றுதான் சொல்லுவார்கள். எழுதிப் பார்த்தால் முப்பத்தைந்துக்கு மேலே போகாது. ஆனால் அந்தப் பதினாலு நாளில் ஒரு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருப்பார்கள். அந்த ஒரு நாளுக்கு என்ன செய்வது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் விசுவமடுவில் கராச் வைத்திருக்கிறேன். தொழில் பழகத் தொடங்கியது 1997இல், புதுக்குடியிருப்பில், ஒரு தகரக் கொட்டிலுக்குள். போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் கண்ணில் காட்டாது. ஓடுகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. நான் முதல் பழகிய வேலையே அந்த மாற்றம்தான். சின்னப் போத்தலில் ஒரு சொட்டுப் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய், குழாயின் மறுமுனை காபரேற்றருக்கு. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறும் வரை பிடித்து வைத்து, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் அடுத்த முறை உதைத்து உதைத்துக் கால் வீங்கும். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் 'நொக்' அடிக்கும் என்பதால் ஹெட்டுக்குக் கீழே இரண்டாவது கஸ்கற் போட்டு அழுத்தத்தைக் குறைப்போம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணிபோல் ஆகும், ரிங் தேயும். வண்டி ஓடியது, எஞ்சின்தான் அதற்கு விலை கொடுத்தது.

அதே காலத்தில் ரோர்ச் பற்றறியும் தடைதான். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓடவிட்டோம். வீட்டு முற்றத்தில் கரண்ட் எடுப்பது இந்த மண்ணுக்குப் புதினமில்லை. 2022இல் பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவிரவாக நின்றபோது அந்த டைனமோதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆடி மாதம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்குள் வயலும் பள்ளிக்கூடமும் சந்தையும். எரிபொருளின் திருகு யாருடைய கையில் இருக்கிறதோ அவர்கள் திறந்தால்தான் நாங்கள் நகரலாம் என்பதை இரண்டு தரம் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். ஆகவே எந்த மாற்று எரிபொருளைப் பற்றி யார் வந்து கதைத்தாலும் நான் கேட்கிற முதற் கேள்வி, அது எங்கிருந்து எங்கட வளவுக்கு வரும் என்பதுதான்.

அந்தக் கேள்வியோடு மற்றவற்றை ஒரு சுற்றுப் பார்ப்போம். இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 2024 ஆடியில் அழுத்திய இயற்கை வாயுவில் ஓடும் 125 சீசீ வண்டியை விட்டது. 2 கிலோ வாயு, கூடவே 2 லீற்றர் பெற்றோல். நல்ல வேலைப்பாடு. ஆனால் அந்த வாயுவை அடிக்க எங்களுக்குக் கிட்டடியில் நிலையம் இல்லை. மன்னார்க் கடலுக்கடியில் வாயு இருப்பது 2011இல் கிணறு தோண்டியே தெரிந்தது, இன்னும் மேலே வரவில்லை. கரும்பிலிருந்து வடிக்கிற மதுசாரமான எதனோல் பிரேசிலில் பழைய கதை, அங்கே 2009இலேயே ஹொண்டா பெற்றோலும் எதனோலும் எந்த அளவில் கலந்தாலும் ஓடும் மோட்டார் சைக்கிளை விற்றது. "எங்கட பனையில, கரும்பில எடுக்கேலாதோ" என்று இளம் பெடியள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் சாதாரணமாக வடித்தால் எத்தனை தரம் வடித்தாலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு தண்ணி நிற்கும். அதைப் பெற்றோலோடு கலந்தால் தண்ணி பிரிந்து தாங்கியின் அடியில் போய்க் கிடக்கும். பழைய றப்பர்க் குழாய்களும் ஊதும். ஒரு லீற்றர் எதனோலில் இருக்கிற சக்தியும் பெற்றோலின் மூன்றில் இரண்டு பங்குதான். ஐதரசனுக்கு 2023இல் ஹொண்டா, யமஹா, சுசுகி, கவசாகி நாலும் ஒன்றுசேர்ந்து ஆராய்ச்சி தொடங்கியிருக்கின்றன. அது எங்கள் ஒழுங்கைக்கு வர நாள் எடுக்கும். சமையல் வாயுச் சிலிண்டரை மோட்டார் சைக்கிளில் கட்டி ஓடலாமா என்று கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருக்காலும் வேண்டாம். விழுந்தால் வால்வு உடையும், சைலன்சர் பக்கத்தில் சிவக்கச் சூடாக இருக்கும். நான் செய்து கொடுக்க மாட்டேன், வேறு ஒருவரும் செய்து கொடுக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது கரண்ட். வெயில் எங்களுக்குக் குறைவில்லை. ஆகவே அதை வடிவாகப் பார்ப்போம்.

நான் 2022 கடைசியில் கைமாறிய மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். விற்றவர் ஒரு சார்ஜில் 75 கிலோமீற்றர் என்றார். முதல் மாதம் 40 ஓடியது. எட்டாவது மாதம் 18 கிலோமீற்றரில் உடையார்கட்டு வீதியோரம் நின்றுவிட்டது. உருட்டிக்கொண்டு வந்து சீற்றைக் கழற்றினேன். உள்ளே 12 வோல்ற் ஈயப் பற்றறி ஆறு, வரிசையாக. ஒவ்வொன்றிலும் மீற்றரை வைத்தேன். ஐந்து 12.3, 12.4 காட்டியது. நாலாவது 10.1. ஒன்று படுத்தால் ஆறும் படுக்கும், மணிமாலையில் ஓரிடத்தில் நூல் அறுந்தது மாதிரி. வாங்கும்போதே இதைச் செய்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். ஆகவே பாவித்த வண்டி எடுப்பதென்றால், நல்ல சுமையோடு பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து, ஒவ்வொரு பற்றறியையும் தனித்தனியே அளவுங்கோ. மற்றவற்றைவிட அரை வோல்ற் குறைவாக ஒன்று நின்றாலே விலையைப் பற்றிக் கதைக்க வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கோ.

புதிதாக எடுப்பவர்களுக்குக் கணக்கு இதுதான். பற்றறியில் எழுதியிருக்கிற வோல்ற்றையும் அம்பியர்-மணியையும் பெருக்குங்கோ. 72 வோல்ற், 32 அம்பியர்-மணி என்றால் 2304 வாற்-மணி, அதாவது 2.3 யூனிற். ஈயப் பற்றறியென்றால் அதில் பாதியை மட்டும் உங்களுடையதாக நினையுங்கோ, அதற்குக் கீழே இறக்க இறக்க அதன் ஆயுள் கரையும். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறியென்றால் நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம். தார்வீதியில் தனி ஆள், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்றால் கிலோமீற்றருக்கு 30 வாற்-மணி அளவில் போகும். பின்னால் ஆளும் மூட்டையும் கிரவலும் சேர்ந்தால் 40 என்று வையுங்கோ. அப்படியென்றால் அதே 2.3 யூனிற்றுக்கு ஈயத்தில் 38 கிலோமீற்றர், சுமையோடு 29. லிதியத்தில் 61, சுமையோடு 46. எனக்கு விற்றவர் சொன்ன 75 இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 வீதியில் 52 கிலோமீற்றர். மீன் பெட்டி கட்டி அந்தத் தூரம் போகிறவர் இந்தப் பற்றறியை எடுக்கக் கூடாது. மற்றவர்கள் விலை கூடினாலும் லிதியமே எடுங்கோ. ஈயம் முந்நூறு தரம் சார்ஜ் பண்ண முன்னம் தளரும், நல்ல இரும்பு பொஸ்பேற் இரண்டாயிரம் தரம் தாங்கும். ஈயம் ஆறும் சேர்ந்து 60 கிலோவுக்குக் கிட்ட, லிதியம் 20 கிலோ அளவில். வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகலாம்.

அடுத்தது மின்பில். என்னிடம் வாற ஒரு ரீச்சர் நாளுக்கு 38 கிலோமீற்றர் ஓடுகிறா. கிலோமீற்றருக்கு 30 வாற்-மணிப்படி 1.14 யூனிற், சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் 1.3. பள்ளிக்கூட நாள் 22 என்றால் மாதம் 28, 29 யூனிற். அவவின் வீட்டுப் பில் அதுவரை 48 யூனிற்றில் நின்றது. இப்போது 76. இங்கேதான் கவனம் வேண்டும். வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிற்றைத் தாண்டினால், தாண்டின யூனிற்றுக்கு மட்டுமில்லை, முதல் யூனிற்றில் இருந்தே வேறு விலை. முதல் மாதப் பில்லைப் பார்த்து அவ அழுவாரைப்போல வந்தா. இருந்து கணக்குப் பார்த்தோம். கூடின தொகை முழுவதையும் சேர்த்தாலும் முன்பு பெற்றோலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான். ஆனால் முதலே தெரிந்திருந்தால் அந்தப் பயம் வந்திராது. கடைசிப் பில்லை எடுத்து வைத்து, உங்கட யூனிற்றோடு இதைக் கூட்டி, எந்தப் படியில் போய் நிற்கிறீர்கள் என்று பார்த்த பிறகு காசைக் கட்டுங்கோ.

கூரையில் சோலர் பூட்ட வசதி இருந்தால் பயமே இல்லை. 400 வாற் பனல் இரண்டு, மழை மாதத்தை விட்டுப் பார்த்தால் நாளுக்கு மூன்று யூனிற் அளவில் தரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: வெயில் எறிக்கும்போது வண்டி வீட்டில் நிற்காது. இதற்கு நான் கண்ட நல்ல வழி, கழற்றக்கூடிய பற்றறி இரண்டு. ஒன்று வண்டியில், ஒன்று வீட்டில். வயல்காரருக்கு இன்னும் லேசு, பதினொரு மணிக்கு வந்து மூன்று மணி வரை நிழலில் நிற்பவர்கள்தானே.

எங்கே வைத்துச் சார்ஜ் பண்ணுவது என்பதில் நான் கண்டிப்பு. கிடுகுச் சுவருக்கும் வைக்கோல் போருக்கும் கிட்ட வேண்டவே வேண்டாம். சீமெந்து நிலம், காற்றோட்டம், ஏத் வயர் உள்ள பிளக், ட்ரிப் சுவிச். எக்ஸ்ரென்சன் வயரைச் சுருட்டினபடி பாவிக்காதேங்கோ, சுருளுக்குள் சூடேறி உருகும். உச்சிவெயிலில் ஓடிவந்த பற்றறியை அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் கொழுவ வேண்டும். ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கோ.

தண்ணி. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை பெற்றோல் வண்டி மூழ்கியது என்று எங்களுக்குத் தெரியும். ஒயிலை மாற்றி, காபரேற்றரைக் கழுவி, முக்கால்வாசியை ஓடவைத்தேன். மின்சார வண்டியில் அப்படி முடியாது. போன மாரியில் ஒரு தம்பி பாலத்துக்கு மேலால் பாய்ந்த தண்ணிக்குள் ஓடிவிட்டு, மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தார். பின்சில்லிலேயே மோட்டர். மூடியைக் கழற்றினேன், தேத்தண்ணி நிறத்தில் அரைக் குவளை தண்ணி ஊற்றுண்டது. காந்தக் கட்டிகளைச் சுற்றிச் செந்துரு. செம்பு வயர் பச்சை பிடித்திருந்தது. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய மூன்று சென்சர், அதில் இரண்டு செத்துப் போய்விட்டது. அச்சாணிக்குள்ளால் வயர் வருகிற துளையில் பூசின பசை வெடித்திருந்தது, தண்ணி போன வழி அதுதான். ஆகவே வாங்கியவுடன் அந்த இடத்தில் சிலிக்கன் பூசுவியுங்கோ. மோட்டருக்குத் தண்ணி, தூசு புகாது என்பதற்கான ஐ.பி. 67 தரம் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கோ. எழுதியிருந்தாலும் அச்சாணிக்கு மேலே தண்ணி நின்றால் இறங்கி உருட்டுங்கோ, அல்லது சுற்றிப் போங்கோ.

பதிவு இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதேங்கோ. இலக்கத்தகடு, பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ் மூன்றையும் கையில் வாங்கின பிறகு மிச்சக் காசைக் கொடுங்கோ.

இனி அந்த வவுனியா நாள். கிளிநொச்சியில் இருந்து போய் வந்தால் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். அதற்காகப் பெரிய பற்றறிக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. பழைய பெற்றோல் வண்டியை விற்காதேங்கோ. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணி, கடைச்சந்தி வரை ஓடிவிட்டு வாங்கோ. வந்து நிறுத்தினதும் பெற்றோல் ரப்பைப் பூட்டி, காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியில் இருக்கிற சின்ன ஸ்குறூவைத் திறந்து, உள்ளே நிற்பதைப் போத்தலில் வடியுங்கோ. அந்தப் பெற்றோலைத் திரும்பத் தாங்கியிலேயே ஊற்றலாம்.