வெப் காம்பொனன்ட்டும் படிவமும்: சப்மிட், ரீசெட் இரண்டையும் முறையாகக் கையாளுதல்

குமுளியிலும் கம்பத்திலும் ஏலக்காய் கொள்முதல் செய்யும் கடைக்கு ஒரு படிவம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விவசாயியின் பெயருக்கும் ரகத்துக்கும் சாதாரண இன்புட் போதும். எடைக்கு மட்டும் கிலோ, கிராம் என இரு கட்டங்கள் கொண்ட வெப் காம்பொனன்ட்டை, அதாவது நமக்கென ஒரு புதிய HTML டேகை, நாமே உருவாக்குகிறோம். அதன் கட்டங்கள் ஷேடோ டாமுக்குள் (பக்கத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட உள் அமைப்புக்குள்) இருப்பதால் வெளியிலுள்ள படிவம் அவற்றைக் காணாது. சப்மிட் செய்தால் பெயரும் ரகமும் போய்ச் சேரும், எடை போகாது, பிழைச்செய்தியும் வராது.

இதைச் சரிசெய்ய, முதலில் காம்பொனன்ட்டின் கிளாஸுக்குள் 'ஃபார்ம் அசோசியேட்டட்' என்ற ஸ்டாட்டிக் பண்பை 'ட்ரூ' என்று வையுங்கள். அடுத்து, கன்ஸ்ட்ரக்டரில் 'அட்டாச் இன்டர்னல்ஸ்' மெத்தடை ஒருமுறை அழைத்து, அது தரும் பொருளைச் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அழைத்தால் பிழை எழும். பிறகு, கட்டங்களில் எண் மாறும் ஒவ்வொரு முறையும் அப்பொருளின் 'செட் ஃபார்ம் வேல்யூ' வழியாக மொத்த எடையைப் படிவத்திடம் ஒப்படையுங்கள். டேகில் 'நேம்' கொடுக்க மறந்தால், இவ்வளவு செய்தும் எடை அனுப்பப்படாது.

பயிற்சிகள் பலவும் இத்துடன் நின்றுவிடுகின்றன. என் பார்வையில் கூடுதல் கவனம் ரீசெட்டுக்கே தேவை. படிவம் ரீசெட் ஆகும்போது பிரௌசர் நம் காம்பொனன்ட்டில் நாம் எழுதிவைக்கும் 'ஃபார்ம் ரீசெட் கால்பேக்' என்ற மெத்தடை அழைக்குமே தவிர, தானாக எதையும் அழிக்காது. அந்த கால்பேக்கில் கட்டங்களை மட்டும் காலியாக்கி, 'செட் ஃபார்ம் வேல்யூ'வை மறுபடி அழைக்காமல் விட்டால், முந்தைய விவசாயியின் 12.350 கிலோ திரையில் மறைந்தாலும் படிவத்தின் கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்தவருக்கு எடை பதிய மறந்து சப்மிட் செய்தால், அந்தப் பழைய எடை அவர் பெயரில் ஏறிவிடும். எனவே திரையையும் மதிப்பையும் சேர்த்தே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்: டேகில் தொடக்க எடை தரப்பட்டிருந்தால் அதற்கு, இல்லையெனில் 'நல்' (null, அதாவது மதிப்பே இல்லை) என்ற நிலைக்கு.

சப்மிட் பட்டனையும் ஷேடோ டாமுக்குள் வைக்க விரும்பினால், அது படிவத்தைத் தானாக அனுப்பாது; சேமித்த பொருளின் 'ஃபார்ம்' பண்பிலிருந்து 'ரிக்வெஸ்ட் சப்மிட்'டை அழையுங்கள். வெறும் 'சப்மிட்' மெத்தட் சரிபார்ப்பைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால், பணம் சார்ந்த படிவத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

குரோம் 77, ஃபயர்ஃபாக்ஸ் 98, 2023இல் வந்த சஃபாரி 16.4 முதல் காம்பொனன்ட்டைப் படிவத்துடன் இணைக்கும் இவ்வசதி உண்டு. எழுதி முடித்ததும் எடையை நிரப்பி, ரீசெட் அழுத்தி, படிவம் அனுப்பவிருக்கும் மதிப்புகளின் தொகுப்பான 'ஃபார்ம் டேட்டா'வை கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். தொடக்க எடை தரப்படாத படிவமெனில் எடை என்ற பெயரே அங்கு தென்படக் கூடாது.