பஞ்சபுராணம் ஓதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் நான் பஞ்சபுராணம் ஓதத் தொடங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பண்ணிசை சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகள், அன்று நான் விட்ட பிழைகளை வரிசை மாறாமல் விடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத நேர்ந்தது. குளித்து வர வேண்டும், திருநீறு பூச வேண்டும், கால் கழுவி உள்ளே போக வேண்டும் என்பனவற்றை அவரவர் வீட்டு ஆச்சிமார் சொல்லியிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரிசையைக் குறுக்குதல்

தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்தும் சேர்ந்ததே பஞ்சபுராணம். பன்னிரு திருமுறைகளில் முதல் 7 தேவாரம், 8 திருவாசகம், 9 திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும், 12 பெரியபுராணம். பூசை நேரம் பிந்தியதென்று குருக்கள் கண்ணால் அவசரம் காட்டினால், பிள்ளைகள் முதலில் கைவிடுவது ஒன்பதாம் திருமுறையைத்தான். நேரம் குறைவென்றால் சிறிய பாட்டாகத் தெரிந்து பாடலாமே தவிர, ஐந்தை மூன்றாக்கிவிட்டு அதற்குப் பஞ்சபுராணம் என்று பெயர் சொல்ல முடியாது. முருகன் கோயிலில் திருப்புகழ் பாடுவது இந்த ஐந்துக்கும் மேலதிகமாகவே ஒழிய, எதற்கும் மாற்றாக அல்ல.

சினிமா மெட்டு

வேண்டாம்.

சீர் பிரிந்த இடத்தில் மூச்சு விடுதல்

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இது. பெரியபுராணத்தில் சேக்கிழாரின் முதற்பாட்டை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் அதன் முதலடி இப்படி இருக்கும்: ‘உலகெ லாமுணர்ந் தோதற் கரியவன்’. கலிவிருத்தம் என்னும் பாவகை ஆகையால் அடிக்கு நான்கு சீர்; அந்தச் சீர்க் கணக்குக்காகவே சொற்கள் இடையில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளி யாப்பைக் காட்டுவதற்கு உரியது, மூச்சு விடுவதற்கு உரியதன்று. இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. பெரியபுராணத்தை மத்தியமாவதி இராகத்தில் பாடுவது ஓதுவார் மரபு. நானோ ‘ஓதற்’ என்று நிறுத்தி, இராகத்தை ஒரு சுற்று இழுத்துவிட்டு, ‘கரியவன்’ என்று கம்பீரமாக இறங்குவேன். கேட்டவர்கள் நல்ல குரல் என்றார்கள்.

ஒரு திருவிழாவில் பூசை முடிந்து திருநீறு வாங்கிக்கொண்டு நின்றபோது, எங்கள் கோயிலில் புராணத்துக்குப் பயன், அதாவது பொருள், சொல்லும் முதியவர் ஒருவர் என்னைத் தூணடிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, கரியவன் எண்டு ஆரைப் பாடினனீர்?”

“சிவபெருமானை, ஐயா.”

“கரியவன் திருமாலெல்லோ? சேக்கிழார் தில்லையிலை நிண்டு பெருமாளையோ பாடினவர்?”

பிறகு அவரே பிரித்துக் காட்டினார். ஓதற்கு, அரியவன். ‘ஓதற்கு’ என்பதன் ஈற்று உகரம் கெட்டு, ‘அரியவன்’ வந்து புணர்ந்து ‘ஓதற்கரியவன்’ ஆகிறது. உலகத்தார் எல்லாரும் உணர்ந்து சொல்வதற்கு அரியவன் என்பது பொருள். நான் ஓர் ஆண்டுக்கு மேலாகச் சிவபெருமானுக்குக் கறுப்பு நிறம் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொருள் தெரிந்த பிறகும் பிழை போகவில்லை என்பதுதான் இதில் உள்ள பெரிய இழப்பு. சொல்லை மட்டும் தவறாகப் படித்திருந்தால் ஒரு மாலையில் திருத்திவிடலாம். இராகத்தோடும் மூச்சோடும் சேர்த்துப் பழகிய தவறு தொண்டையில் படிந்துவிடுகிறது. அடுத்த திருவிழாவிலும் ‘ஓதற்’ என்ற இடத்தில் என் மூச்சு தானாகவே நின்றது. அந்த முதியவர் தூணடியில் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கடுத்த ஆண்டு என்னை ஓதக் கூப்பிடவில்லை.

பாட்டு பாட்டாக இந்தப் பொறி இருக்கிறது. ‘நிலவு லாவிய’ என்பதை அச்சில் உள்ளபடியே பாடும் பிள்ளைக்கு ‘லாவிய’ என்றால் என்னவென்று தெரியாது. அது நிலவு உலாவிய சடை. சுந்தரர் தேவாரத்தில் ‘வைத்தாய் பெண்ணை’ என்று நிறுத்தினால், இறைவன் எந்தப் பெண்ணை எங்கே வைத்தான் என்று கேட்கத் தோன்றும். பெண்ணை என்பது ஆறு, அதன் தென்பால் இருப்பது வெண்ணெய்நல்லூர். அப்பர் பாடிய ‘மூசு வண்டறை பொய்கை’யில் வண்டுக்கு அறை கட்டிக்கொடுத்த மாணவர்களும் உண்டு, அறைதல் அங்கே ஒலித்தல்.

வீட்டிலும் இதே கதைதான். விளக்கேற்றியதும் சிவபுராணம் படிக்கும் வழக்கமுள்ள வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி, ஒரு ஞாயிறு மிகவும் யோசித்தபடி என்னிடம் வந்தாள். “சேர், சிவபெருமானை ஏன் கறுத்த ஆனை எண்டு பாடுறம்?” எந்த இடத்தில் என்று கேட்டேன். ‘சொல்லற் கரியானைச் சொல்லித் திருவடிக்கீழ்’ என்று பாடிக் காட்டினாள். சொல்லற்கு அரியானை, கரி ஆனை ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் அப்பப்பாவும் நாள்தோறும் அப்படித்தான் நிறுத்திப் படிக்கிறார்களாம். அதற்கு அடுத்த அடியே ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று தொடங்குவதை நினைக்கும்போது சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. அவளாவது கேட்டாள், அந்த வயதில் நான் கேட்கவில்லை.

கந்தபுராணத்தையும் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணத்தையும் கோயிலில் வைத்துப் படித்த நம் முன்னோரிடம் இதற்கு மருந்து இருந்தது. ஒருவர் செய்யுளைப் பாடுவார். மற்றவர் அதைப் பதம் பதமாகப் பிரித்துப் பயன் சொல்லுவார். அதனால் எழுத்தறியாதவருக்கும் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்பது காதால் தெரிந்திருந்தது. இன்று கூட இருந்து பிரித்துச் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள், கொப்பியின் இடப்பக்கத்தில் அச்சில் உள்ளபடியும் வலப்பக்கத்தில் பதம் பிரித்தும் தம் கைப்பட எழுத வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தைச் சிவப்புப் பேனையால் வலப்பக்கத்தில் மட்டும் குறிக்க வேண்டும். ‘உலகெலாம்’ என்பதற்குப் பின் ஒன்று, தேவையானால் ‘உணர்ந்து’ என்பதற்குப் பின் மற்றொன்று. இராகம் அதற்குப் பிறகே.

இதிலும் ஒரு மறுகோடி உண்டு. பதம் பிரித்துப் படித்துவிட்ட உற்சாகத்தில் ‘ஓதற்கு அரியவன்’ என்று விட்டுவிட்டுப் பாடினால் ஓசை நொண்டும். மனத்தில் பிரித்து, வாயில் சேர்த்தே பாட வேண்டும்.

சுருதி

நாதஸ்வரக்காரர் விட்ட இடத்தில் தொடங்கப் போய், நடுவில் குரல் கீச்சிட்டவர்கள் பலர். உங்கள் சுருதியில் தொடங்குங்கள்.

ழகரம்

‘வான்முகில் வழாது பெய்க’ என்னும், கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் வாழ்த்தைக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாடுவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிப்பதால் ‘வளாது’, ‘வாள்க’ என்று கூட்டமே முழங்கும். பேச்சில் எப்படியும் இருக்கட்டும். பாட்டில் நாக்கு மடிய வேண்டும்.

கைத்தொலைபேசியைப் பார்த்துப் பாடுதல்

அதில் வரும் பாடல்களும் பெரும்பாலும் சீர் பிரித்தவையே என்பது ஒருபுறம் இருக்க, சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் ‘ஒளிவளர் விளக்கே’ என்று திருவிசைப்பாவைத் தொடங்கிய சற்று நேரத்தில் திரை அணைந்துவிட்டது. அவன் ஒரு கணம் விழித்துவிட்டு, அங்கிருந்து நேரே வான்முகிலுக்குத் தாவினான். குருக்கள் தீபத்தைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.